அமைதியின் அறை

அயர்லாந்தின் மில்லைல் என்னும் கடலோரச் சிற்றூரில் 1867ஆம் ஆண்டு பிறந்தவர் ஏமி கார்மைக்கேல். 1895இல் இந்தியா வந்த அவர், பின்னர்த் தாயகம் திரும்பவே இல்லை. தமிழ் கற்று, நெல்லைச் சீமையின் சிற்றூர்களில் சமயப்பணி ஆற்றினார்.

1901 மார்ச்சுத் திங்களில், கோயிற்பணிக்கென ஒப்படைக்கப்பட்டிருந்த சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அந்நிகழ்வே அவர்தம் வாழ்வின் திசையை மாற்றியது. களக்காட்டுக்கு அண்மையிலுள்ள டோனாவூரில் காப்பகம் அமைத்து, நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தாயானார்.

1931 அக்டோபரில், களக்காட்டில் மருந்தகத்திற்கென எடுத்த வீட்டைப் பார்வையிடச் சென்றவர், இருளில் குழியொன்றில் தவறி விழுந்தார். கால் முறிந்தது. அன்றுமுதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தன. ஓடியாடி உழைத்தவருக்கு அம்முடக்கம் நோயினும் கொடிது. நலம்பெற வேண்டினார், வலி நீங்கவில்லை. ஆயினும், இறைவன் தம் அருகில் இருக்கிறார் என்னும் உணர்வு அவரைத் தாங்கியது. நலமுடையோர் கூறும் ஆறுதல் நோயாளியின் நெஞ்சைத் தொடுவது அரிது என்பதை உணர்ந்த அவர், நோயுற்றவராகவே நோயுற்றோர்க்கென ஒரு நூல் எழுதினார். அது 1933இல் வெளிவந்தது. படுக்கையிலிருந்தே மேலும் பல நூல்களைப் படைத்தார்.

1951 சனவரி 18 அன்று அவர் இயற்கை எய்தினார். கல்லறைக்கல் வேண்டா என்பது அவர்தம் விருப்பம். எனவே, பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றே அங்கு வைக்கப்பட்டது. குழந்தைகள் அவரை அழைத்த தாய்ப்பெயர் மட்டுமே அதில் பொறிக்கப்பட்டுள்ளது.