மலையை அளந்த மேதை அம்போல்ட்

மாணாக்கர்க்குத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருபவன் யான். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மரமும் மாவும் புள்ளும் கருப்பொருள் என்னும் பகுதி வருந்தோறும், இன்று விஞ்ஞானிகள் சூழலியல் என விரித்துரைப்பன யாவும் இதனுள் அடங்கும் எனப் பெருமிதத்தோடு கூறி முடிப்பது என் வழக்கமாக இருந்தது. ஒருநாள் உயிரியல் பயிலும் மாணவன் ஒருவன் எழுந்து, குறிஞ்சி நிலம் எத்தனை அடி உயரத்தில் தொடங்குகின்றது என்றும், எவ்வளவு குளிர் ஏறினால் அங்கே மரம் வளராது என்றும் வினாவினான். யான் விடையின்றி நின்றேன். அவ்வினாவே அலெக்சாந்தர் வொன் அம்போல்ட் என்னும் ஜேர்மானியப் பேரறிஞரின் வரலாற்றைப் பயில என்னைத் தூண்டியது.

அவர் 1769 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 14 ஆம் நாள் பேர்லின் நகரிலே செல்வக் குடியொன்றிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தமையனார் வில்லெம் மொழியாராய்ச்சியிற் புகழ் நாட்டினார். தம்பியாகிய இவரோ செடிகளையும் பூச்சிகளையும் தேடித் திரிந்தார். சுரங்கக் கலை பயின்று பிரசிய அரசின் சுரங்க அதிகாரியாய் அமர்ந்த காலத்தில், தொழிலாளர் கல்விக்கெனத் தம் கைப்பணத்தாற் பாடசாலையொன்றைத் தொடக்கினார். 1796 இல் அன்னையார் இறந்தபின் பெருஞ்செல்வம் அவர் கைக்கு வந்தது. அதனைக் கொண்டு இன்பவாழ்வு வாழ அவர் எண்ணினாரல்லர்; பதவியைத் துறந்து, உலகை நேரிற் கண்டு அறியத் துணிந்தார்.

ஸ்பெயின் மன்னரின் அனுமதி பெற்று, 1799 ஜூன் மாதத்தில், எமே போன்பிளான் என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாருடன் கப்பலேறினார். பாரமானி, வெப்பமானி முதலாக, வானத்து நீலத்தின் செறிவை அளக்கும் கருவி ஈறாகப் பல கருவிகள் உடன் சென்றன. வழியிலே தெனெரீபேத் தீவின் எரிமலையில் ஏறியபோது, உயரம் மாறமாறச் செடிகொடிகளும் வலயம் வலயமாய் மாறுவதைக் கண்டு குறித்துக்கொண்டார்.

1800 ஆம் ஆண்டிலே வெனிசுவேலா நாட்டு வலென்சியா ஏரியை அடைந்தார். ஏரிநீர் ஆண்டுதோறும் வற்றிவந்தது. நிலத்தின் கீழே மறைவான வழியொன்றால் நீர் ஓடிவிடுகின்றது என அயலவர் சிலர் கருதினர். அம்போல்ட் நீரையும் நிலத்தையும் ஆராய்ந்து, குற்றம் மனிதருடையது எனக் கண்டார். சூழ்ந்த மலைச்சாரற் காடுகளை வெட்டியமையாலும், வரும் ஆறுகளைப் பயிர்ச்செய்கைக்குத் திருப்பியமையாலும் ஏரி மெலிந்தது. மரம் நீங்கிய சாரலில் ஊற்று வற்றும்; மழை பெய்தால் மண் அரிந்து வெள்ளமாய்ப் பாயும். காடும் மழையும் மண்ணும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன என்பதை இவ்வாறு காரணகாரிய முறையில் எடுத்துரைத்த முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

1802 ஜூன் 23 ஆம் நாள், எக்குவதோர் நாட்டிலுள்ள சிம்பொராசோ மலையில் ஏறினார். உலகின் மிகவுயர்ந்த மலை அதுவே என அக்காலத்தார் பலர் கருதியிருந்தனர். மூச்சுத் திணறவும் ஈறுகளிற் குருதி கசியவும் 5,800 மீற்றருக்கு மேற் சென்று, பெரும் பிளவொன்று குறுக்கிட்டமையால் மீண்டார். ஆயினும் ஏறிய வழியெங்கும் அமுக்கத்தையும் வெப்பநிலையையும் அளந்திருந்தார். 1804 இல் ஐரோப்பாவுக்குத் திரும்பியபின், தாவரப் புவியியல் பற்றிய நூலொன்றை 1807 இல் வெளியிட்டார். அதனோடு இணைந்த பெரும்படம் மலையொன்றின் குறுக்குவெட்டைக் காட்டுவது. அடிவாரத்து வெப்பக்காடு தொடங்கி உச்சிப் பனி வரை, எவ்வுயரத்தில் எத்தாவரம் வளரும் என்பது அதிற் குறிக்கப்பட்டது. இருமருங்கும் வெப்பம், அமுக்கம் முதலிய அளவுகள் நிரல்பட நின்றன. 1817 இல் ஒத்த வெப்பநிலையுடைய இடங்களை இணைக்கும் சமவெப்பக் கோடுகளை வகுத்தார். அகலக்கோடு ஒன்றாயினும் காலநிலை ஒன்றாகாது என்பது அவற்றாற் புலனாயிற்று. இன்று மாணவர் பயிலும் உலகக் காலநிலைப் படங்களுக்கு அக்கோடுகள் வழிகாட்டின.

இமயமலையை அளந்து அந்தீசு மலையோடு ஒப்பிட வேண்டும் என்பது அவரது நெடுநாள் வேட்கை. கிழக்கிந்தியக் கம்பனி அனுமதி வழங்காமையால் அவ்வேட்கை நிறைவேறவில்லை. செல்வத்தின் பெரும்பகுதியைப் பயணத்திலும் நூற்பதிப்பிலும் செலவிட்டு, 1827 இல் பேர்லின் திரும்பிப் பிரசிய அரசவையிற் பணிபுரிந்தார். அங்கே ஆடவரும் பெண்டிரும் கட்டணமின்றிக் கேட்கச் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1845 முதல் கொசுமொசு என்னும் பெருநூலை வெளியிட்டு, அது முற்றுப்பெறுமுன் 1859 மே 6 ஆம் நாள், தமது 89 ஆம் வயதில் மறைந்தார். சூழலியல் என்னும் துறைக்கு எர்ன்ஸ்ட் எக்கல் பெயரிட்டது அதன்பின் 1866 இலேயாம்.

இவ்வரலாற்றின் சிறந்த பகுதி அவர் மறைந்தபின் நிகழ்ந்தது. 2012 இல் ஆராய்ச்சியாளர் சிலர் சிம்பொராசோவில் ஏறி, அவர் கண்ட தாவரங்கள் 500 மீற்றருக்கு மேலாக உயர இடம்பெயர்ந்தன எனக் கணித்தனர். 2019 இல் வெளியான மற்றோர் ஆய்வு, அப்படத்தின் குறிப்புகளுட் பல அந்திசானா என்னும் வேறொரு மலையிற் பெற்றவை எனக் காட்டி, பெயர்ச்சியை 215 முதல் 266 மீற்றர் எனத் திருத்தியது. புவி வெப்பமுறுதலால் செடிகள் குளிர்நாடி மேலேறுகின்றன என்பதில் இரண்டும் ஒத்தன. அம்போல்ட்டின் படத்தில் இருந்த பிழையையும், உலகில் நிகழ்ந்த மாற்றத்தையும் காட்டிக்கொடுத்தவை அவர் எழுதிவைத்த அளவுகளே.

திணையிலக்கணத்தின் பெருமை இதனாற் குறைந்துவிடாது. நிலத்தையும் உயிரையும் மனித உணர்வோடு இணைத்துப் பாடுதற்கு அது வகுத்த நெறி ஒப்பற்றது. ஆயின் அது செய்யுள் நெறி. அளந்தறியும் நெறி வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்று வேண்டா என யான் கூறியது பிழை. அம்மாணவனிடம் அதனை ஒப்புக்கொண்டேன். இப்பொழுது அப்பகுதியைக் கற்பித்து முடித்ததும் பழைய வசனத்தைச் சொல்வதில்லை. கல்லூரி முற்றத்து வேம்பு பூக்கும் நாளையும், பெய்த மழையின் அளவையும் மாணாக்கர் முறைவைத்துக் குறிப்பேட்டில் எழுதி வருகின்றனர்.