கல்லில் காடு கண்டவர்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, பன்னெடுங்காலத்துக்கு முன் மண்ணுள் புதைந்த காடேயாகும். வடக்கே திருவக்கரையிலோ மரங்கள் கல்லாகவே கிடக்கின்றன. இத்தகைய கல்மரங்களின் வரலாற்றை ஆராய்ந்த பேரறிஞர் பீர்பால் சாஹ்னி.

1891-இல் பஞ்சாபின் பேரா என்னும் ஊரில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் பயின்று, இலக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். கல்லை மெல்லிய தகடாக அறுத்து, நுண்ணோக்கியால் மரத்தின் அமைப்பைக் கண்டறிவது இவர் கையாண்ட முறை. மறைந்தொழிந்த இந்தியக் கூம்பு மரங்களைப் பற்றி 1928, 1931 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக நூல் வெளியிட்டார். திருவக்கரைக் கல்மரமும் அதில் இடம்பெற்றது.

தொல்தாவர ஆராய்ச்சிக்குத் தனி நிலையம் காண்பதே இவரது வேட்கை. 1949 ஏப்ரல் 3-ஆம் நாள் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அக்கல்லிலும் தொல்தாவரப் படிவங்களையே பதித்திருந்தார் சாஹ்னி. ஒரு வாரத்தில் அவர் மறைந்தார். மனைவியார் சாவித்திரி தளராது அப்பணியை ஏற்று நிறைவேற்றினார். இலக்னோவில் அந்நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.