டிகிரி இல்லாத இன்ஜினியருக்கு நோபல் பரிசு

பைனல் இயர் ப்ராஜெக்ட் எப்படி நம்மளைப் படுத்தும்னு உங்களுக்கே தெரியும். மூளையின் சி.டி. ஸ்கேனைப் பார்த்து பக்கவாதம் எவ்வளவு தீவிரம் என்று சொல்லும் டீப் லேர்னிங் மாடல்தான் எங்க டீம் எடுத்தது. மூணு வாரம் ட்ரெயின் பண்ணியும் மாடல் எதையும் கத்துக்கவில்லை. தப்பு எங்க மேலதான். ஒருவர் பெயரில் இருக்கும் அளவை நாங்க கண்டுக்கவே இல்லை. அவர்தான் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு.

1919 ஆகஸ்ட் 28-ல் இங்கிலாந்தின் நியூவார்க் ஊரில், ஒரு விவசாயியின் ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். சின்ன வயசிலேயே தானே கிளைடர் செய்து வைக்கோல்போர் மேலிருந்து குதித்தவர். பள்ளியில் கணக்கும் இயற்பியலும் மட்டும்தான் பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் சேர்ந்து ரேடார் கற்றுக்கொண்டார், கற்றும் கொடுத்தார். பிறகு லண்டன் ஃபாரடே ஹவுஸில் டிப்ளமோ. பல்கலைக்கழகப் பட்டம் கடைசி வரை கிடையாது!

வேலை ஈ.எம்.ஐ. நிறுவனத்தில். ஆமாங்க, பீட்டில்ஸ் பாட்டுகளை வெளியிட்ட அதே கம்பெனிதான். அங்கே டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டர் வடிவமைத்தார். அடுத்து எடுத்த மெமரி ப்ராஜெக்ட் பாதியில் கைவிடப்பட்டது. அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க அவருக்கு நேரம் கொடுத்தார்கள். 1967-ல் வந்தது அந்த யோசனை: எல்லாக் கோணத்திலிருந்தும் கதிர்களைச் செலுத்தி அளந்தால், உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாமே!

முதல் சோதனையில் ஒரு ஸ்கேனுக்கு ஒன்பது நாள் ஆனது. எக்ஸ்ரே குழாய் மாட்டியதும் ஒன்பது மணி நேரமாகக் குறைந்தது. மாட்டு மூளையை வாங்கி வந்து சோதித்தார். 1971 அக்டோபர் 1-ல் விம்பிள்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மண்டையைத் திறக்காமலே மூளைக் கட்டி தெரிந்தது. இதே கணக்கைத் தனியாகப் போட்டிருந்த ஆலன் கார்மக்கோடு 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2004-ல், 84 வயதில் மறைந்தார்.

இப்போ எங்க தப்புக்கு வருவோம். ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் தண்ணீர் 0, காற்று −1000, எலும்பு ஆயிரத்தையும் தாண்டும். புதிதாகக் கசிந்த இரத்தம் சுமார் 60. ரத்தம் போகாமல் அடைபட்ட பகுதியோ, ஆரம்பத்தில் பக்கத்துத் திசுவைவிட சில யூனிட்தான் குறையும். நாங்க 4096 மதிப்புகளையும் 256-க்குள் அமுக்கிட்டோம். ஒரு படிக்கு 16 யூனிட்! மாடல் தேட வேண்டிய வித்தியாசத்தை நாங்களே அழிச்சிட்டோம். 0 முதல் 80 வரை மட்டும் வெட்டிக் கொடுத்ததும் மாடல் கத்துக்க ஆரம்பிச்சது.

இது வெறும் மார்க் விஷயம் இல்லை. அடைப்பைக் கரைக்கும் மருந்தை, முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கணும். ரத்தக்கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எது என்று பிரித்துக் காட்டுவது இந்த அளவுதான்.

அதனால அடுத்த தடவை டேட்டாசெட் டவுன்லோட் பண்ணும்போது, மாடலைத் தொடும் முன்னாடி ஒரு பிக்சலின் மதிப்பு என்ன என்று பாருங்க. அதுக்குப் பின்னாடி ஒன்பது நாள் பொறுமையா காத்திருந்த ஒரு டிப்ளமோ இன்ஜினியர் இருக்கார்.