தஞ்சாவூர் ராஜாவும் பழைய காசும்!

பழைய காசு சேர்க்கிற பழக்கம் இருக்கா உங்களுக்கு? அப்போ தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜியை உங்க செட்ல சேர்த்துக்கலாம். சரஸ்வதி மகால் நூலகம்னா நினைவுக்கு வர்ற அதே சரபோஜிதான். ஓவியம், தோட்டம், புத்தகம்னு நீளும் அவரோட பொழுதுபோக்குப் பட்டியலில் நாணயச் சேகரிப்பும் உண்டு.

1777-ல் பிறந்த இவரை, 1787-ல் துளஜா மன்னர் தத்தெடுத்தார். அதே 1787-ல் துளஜா இறந்துபோக, சித்தப்பா முறையான அமர்சிங் அரியணையில் உட்கார்ந்துவிட்டார். பையனை அடைத்தே வைத்திருந்தார்கள். காப்பாளராக இருந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியார் போராடி, 1793-ல் சென்னைக்கு அனுப்பிவைத்தார். 1798-ல்தான் அரியணை கிடைத்தது. மறுவருஷமே நாடு போச்சு! 1799 ஒப்பந்தப்படி நிர்வாகம் முழுக்க கிழக்கிந்திய கம்பெனிக்கு. கோட்டை மட்டும் ராஜாவுக்கு. கூடவே வருஷத்துக்கு 1 லட்சம் நட்சத்திர பகோடாவும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்.

பகோடான்னா திங்கிற பக்கோடா இல்லைங்க, தங்க வராகன். ஒரு பகோடாவுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. கணக்குப் போட்டாலே தலை சுத்துதா? இது போதாதுன்னு தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் தனியாகக் காசு அடித்துக்கொண்டிருந்தார்கள். நாணயம் சேர்க்கிற ஒருத்தருக்கு இதைவிட நல்ல ஊர் அமையுமா!

இன்னொரு சுவாரஸ்யம், அமெரிக்க வெள்ளி. மெக்சிகோ, பொட்டோசி சுரங்கத்து வெள்ளியில் ஸ்பெயின்காரர்கள் அடித்த டாலர்தான் அன்றைக்கு உலகம் சுற்றிய காசு. 1792-ல் அமெரிக்கா தன் டாலரை வடிவமைத்ததும் அதைப் பார்த்துதான். அந்த ஸ்பானிஷ் டாலர்கள் கப்பலேறி நம்ம கரைக்கும் வந்தன. சரபோஜி காலத்தில், 1808 வாக்கில், சென்னை நாணயச்சாலை அந்த டாலர் மேலேயே கோபுரத்தையும் நட்சத்திரங்களையும் அடித்து, தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பைப் பொறித்து, அரைப் பகோடாவாக வெளியிட்டது. சில காசுகளில் கோபுரத்துக்கு அடியில் பழைய டாலரின் எழுத்து இன்னும் மங்கலாகத் தெரியும். சேகரிப்பாளர்கள் லென்ஸ் வைத்துத் தேடுவது அதைத்தான். உங்ககிட்ட ஒண்ணு சிக்கினா, புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க ப்ளீஸ். பளபளப்பு வரும், மதிப்பு போயிடும்.

நாடு இல்லாத இந்த ராஜா சும்மா இருக்கவில்லை. தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளின் விவரத்தைப் படத்தோடு பதியவைத்தார். தேவநாகரி எழுத்தில் அச்சகம் நடத்தினார். காசி யாத்திரையிலிருந்தும் சுவடிகளோடுதான் திரும்பினார். 1832-ல் இறந்தார்.

சேர்த்தவர் போனபிறகு சேர்த்ததெல்லாம் என்ன ஆகும்? எல்லா சேகரிப்பாளருக்கும் இருக்கிற பயம்தான் இது. மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், கம்பெனி அரண்மனைச் சொத்து முழுவதையும் கைப்பற்றியது, சொந்த உடைமைகள் உட்பட. ராணி காமாட்சிபாய் வழக்குப் போட்டார். லண்டன் ப்ரிவி கவுன்சில் வரை போன வழக்கு, 1859-ல் தோற்றது. ஆனாலும் சொந்த உடைமைகளை அரசாங்கமே பிறகு திருப்பிக் கொடுத்தது. நூலகம் 1918-ல் பொதுமக்களுக்கு வந்தது. இன்றைக்கும் அரண்மனை வளாகத்தில்தான் இருக்கு, போய்ப் பாருங்க.