மந்திரவாதிப் பட்டம் பெற்ற மடத் தலைவர்

ஜெர்மனியில் மோசல் நதிக்கரைக் கிராமத்தில் 1462-ல் பிறந்தவர் டிரிதேமியஸ். தகப்பனார் சீக்கிரமே இறந்தார். தாயின் இரண்டாம் கணவருக்கோ படிப்பென்றால் ஆகாது. பையன் ஒளிந்து ஒளிந்து படித்தான். 1482-ல் பனிப்புயலுக்கு ஒதுங்கிய ஸ்பான்ஹைம் மடத்திலேயே துறவியானார். மறு ஆண்டே அதன் தலைவர்! அங்கிருந்த நூல்கள் சுமார் 50. அவர் காலத்தில் 2,000 ஆயிற்று.

1499-ல் ரகசிய எழுத்து பற்றிய தம் நூலின் அதிசயங்களை நண்பருக்குக் கடிதமாக எழுதினார். சற்றுப் பெருமையடித்துக் கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கடிதம் சேருமுன் நண்பர் காலமானார். பிரித்துப் பார்த்தவர்கள் பேய் வேலை என்று ஊரெங்கும் பரப்பிவிட்டனர்.

நூலும் ஆவிகளை அழைக்கும் மந்திரம் போலவே இருந்தது. ஆனால் அந்த மந்திரத்தில் ஒரு சொல் விட்டு ஒரு சொல், அதில் ஓர் எழுத்து விட்டு ஓர் எழுத்து என்று பொறுக்கினால் செய்தி கிடைக்கும்!

மடத்தாரும் எதிர்த்தனர். 1506-ல் ஆசை நூலகத்தை விட்டுவிட்டு வூர்ஸ்பர்க் போனார், 1516-ல் மறைந்தார். 1606-ல் அச்சான நூலை 1609-ல் திருச்சபை தடை செய்தது. அதன் மூன்றாம் பாகத்துக் கிரக எண்களும் ரகசிய எழுத்தே என்று 1990-களில் ஆய்வாளர் இருவர் தனித்தனியே கண்டுபிடித்தனர்.