அரசுக்குச் சட்டம் சொன்ன செதல்வாட்

புதுதில்லி: இந்தியாவின் முதல் அட்டர்னி ஜெனரலான எம்.சி. செதல்வாட், அரசியல் மேடையில் வளர்ந்தவர் அல்லர். பஞ்சாலைகளும் பங்குச் சந்தையும் செழித்த பம்பாயின் உயர் நீதிமன்றத்தில் வணிக வழக்குகளை நடத்தித் தேர்ந்தவர்.

1884-ம் ஆண்டு நவம்பர் 12-ம் தேதி ஆமதாபாதில் பிறந்தார். ஜாலியன்வாலா பாக் படுகொலையை விசாரித்த ஹண்டர் குழுவில் இடம்பெற்று, ஜெனரல் டயரைக் கேள்விகளால் துளைத்த சிமன்லால் செதல்வாட் இவரது தந்தை. சமூகச் செயற்பாட்டாளர் தீஸ்தா செதல்வாட் இவரது பேத்தி.

1937-ல் பம்பாய் மாகாண அட்வகேட் ஜெனரலான அவர், 1942-ல் பதவி விலகினார். தேசப் பிரிவினையின்போது பஞ்சாப் எல்லை ஆணையத்தின் முன் காங்கிரஸ் தரப்பில் வாதாடினார். 1950 ஜனவரியில் அட்டர்னி ஜெனரலாகி, 1963 வரை அப்பதவி வகித்தார். அவ்வளவு நீண்ட காலம் வேறெவரும் அப்பொறுப்பில் இருந்ததில்லை.

1955-ல் அமைந்த முதல் சட்ட ஆணையத்துக்கும் அவரே தலைவர். கட்டட ஒப்பந்தமாயினும் சரக்கு விற்பனையாயினும், வணிகத் தகராறுகளுக்கு அடிப்படையான சட்டங்கள் பிரிட்டிஷ் ஆட்சியில் இயற்றப்பட்டவை. ஒப்பந்தம், சரக்கு விற்பனை, கூட்டாண்மை, மாற்றுமுறை ஆவணம், காலவரம்பு ஆகிய சட்டங்களை ஆணையம் ஆராய்ந்தது. 1963-ன் காலவரம்புச் சட்டம் அந்த உழைப்பின் பலன். ஆனால், 1872-ன் ஒப்பந்தச் சட்டமே இன்றும் நடைமுறையில் உள்ளது.

அவரது நேர்மைக்குச் சோதனை 1958-ல் வந்தது. முந்த்ரா நிறுவனங்களின் பங்குகளில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாயை முதலீடு செய்த விவகாரத்தை ஃபெரோஸ் காந்தி மக்களவையில் எழுப்பினார். நீதிபதி எம்.சி. சாக்ளா ஆணையம் பகிரங்க விசாரணை நடத்தியது. அரசின் உயர் சட்ட அதிகாரியாக இருந்தும், செதல்வாட் அரசுக்கு அரண் கட்டவில்லை. உண்மையை வெளிக்கொணர ஆணையத்துக்குத் துணைநின்றார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலக நேர்ந்தது.

அதே ஆண்டு வெளியான ஆணையத்தின் 14-வது அறிக்கை, நீதிபதி நியமனங்களில் திறமையைவிட அரசியல், வட்டார, வகுப்புக் கணக்குகள் மேலோங்குவதைக் கண்டித்தது. தலைமை நீதிபதி பதவிக்குப் பணிமூப்பு மட்டுமே தகுதியாகாது என்றும் கூறியது.

அந்தப் பரிந்துரை பின்னர் வேறு கைக்குப் போனது. 1973 ஏப்ரலில் ஷேலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூன்று மூத்த நீதிபதிகளை ஒதுக்கிவிட்டு ஏ.என். ராயை இந்திரா காந்தி அரசு தலைமை நீதிபதியாக்கியது. மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் இதற்கு ஆதாரமாக 14-வது அறிக்கையையே மக்களவையில் சுட்டிக்காட்டினார். தகுதியைக் காக்கச் சொன்ன யோசனை, அரசுக்கு இணக்கமானவரைத் தேர்ந்தெடுக்கும் கருவியாவதை ஏற்காத செதல்வாட், 88 வயதிலும் பகிரங்கமாகக் கண்டனம் தெரிவித்தார்.

1974 ஆகஸ்ட் 1-ம் தேதி அவர் காலமானார். அவரது ஆணையம் பரிந்துரைத்த அகில இந்திய நீதித்துறைப் பணிக்கு 1976-ல் அரசியல் சட்டத்தில் வழி செய்யப்பட்டபோதிலும், அப்பணி இன்றுவரை உருவாக்கப்படவில்லை.