கிரிஸ்டன் நிகார்ட்

கிரிஸ்டன் நிகார்ட் (ஆகஸ்ட் 27, 1926 – ஆகஸ்ட் 10, 2002) நோர்வே நாட்டுக் கணினி அறிவியலாளர் ஆவார். ஓலே-யொஹான் டாலுடன் இணைந்து சிமுலா நிரல்மொழியை உருவாக்கிப் பொருள் நோக்கு நிரலாக்கத்திற்கு அடித்தளம் இட்டவர். வலைச் செயலிகளில் பயன்படும் பொருள் தரவுத்தளங்கள் இவ்விருவரின் கருத்துக்களின் வழிவந்தவை.

வாழ்க்கை

ஒஸ்லோ நகரில் பிறந்தார். 1948 முதல் 1960 வரை நோர்வே பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். 1956 இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1960 இல் நோர்வே கணிப்பு மையத்தில் சேர்ந்தார்.

சிமுலா

தொழிற்சாலை போன்ற சிக்கலான அமைப்புகளின் இயக்கத்தைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்ப்பதே சிமுலாவின் முதல் நோக்கம். வகுப்பு, பொருள், மரபுரிமம் ஆகிய கருத்துக்கள் சிமுலா 67 இல் இடம்பெற்றன. தரவையும் அதன்மீது நிகழும் செயல்களையும் பொருள் ஒன்றாகப் பிணைக்கிறது. எடுத்துக்காட்டாக, காஞ்சிபுரத்து ஓரிக்கையில் நெய்யப்படும் சேலைகளை விற்கும் வலைச் செயலி ஒன்றைக் கருதலாம். அதில் ஒரு சேலையின் நிறம், கரை, முந்தானை ஆகிய விவரங்களும், அதன் விலையைக் கணக்கிடும் செயலும் ஒரே பொருளில் அமையும். பட்டுச்சேலை என்னும் வகுப்பு, சேலை என்னும் பொதுவகுப்பின் பண்புகளை மரபாகப் பெறும். ஸ்மால்டாக், சி++ ஆகிய மொழிகள் சிமுலாவின் தாக்கத்தால் உருவானவை.

பொருள் தரவுத்தளங்கள்

நிரலின் இயக்கம் முடிந்ததும் நினைவகத்தில் உள்ள பொருள்கள் அழிந்துவிடும். உறவுசார் தரவுத்தளத்தில் அவற்றைச் சேமிக்க, அட்டவணை வரிசைகளாகப் பிரித்துப் பின்னர் மீண்டும் கோக்க வேண்டும். 1980களில் பரவிய பொருள் தரவுத்தளங்கள், பொருள்களைத் தம்முள் உள்ள தொடர்புகளுடன் அப்படியே சேமிக்கின்றன. ஸ்மால்டாக்கை ஒட்டி எழுந்த ஜெம்ஸ்டோன், ஜோப் வலைச் செயலி வழங்கியின் இசட்.ஓ.டி.பி. ஆகியன இவ்வகையின. எனினும் பலவகை வினவல்களுக்கு உறவுசார் தரவுத்தளமே எளிதாக இருப்பதால், பெரும்பாலான வலைச் செயலிகள் அதனையே பயன்படுத்துகின்றன.

சமூகப் பணி

தாம் உருவாக்கிய கருவி மேலாளர்களின் கையை மட்டும் வலுப்படுத்தித் தொழிலாளரைப் பாதிக்கக்கூடும் என நிகார்ட் கவலை கொண்டார். எனவே 1970களின் தொடக்கத்தில் நோர்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து, பணியிடக் கணினி அமைப்புகளைத் தொழிலாளர்களே ஆராய்ந்து கருத்துக் கூறுவதற்கு வழிவகுத்தார். பங்கேற்பு வடிவமைப்பு என்னும் துறைக்கு இப்பணி முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நோர்வே இணைவதை எதிர்த்த இயக்கத்திற்கு 1990 முதல் 1995 வரை தலைமை தாங்கினார். 1994 பொதுவாக்கெடுப்பில் நோர்வே மக்கள் அவ்விணைப்பை நிராகரித்தனர்.

விருதும் மறைவும்

2001 ஆம் ஆண்டிற்கான டூரிங் விருது டாலுக்கும் நிகார்டுக்கும் வழங்கப்பட்டது. டால் 2002 ஜூன் 29 அன்று காலமானார். ஆறு வாரங்களில் நிகார்டும் ஒஸ்லோவில் மறைந்தார்.